ஏர் ஃபில்டர் மாற்றினால் வண்டிக்கு மூச்சு கூடுமா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா மகன் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரிலிருந்து வண்டியில் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். கையில் ஒரு அட்டைப் பெட்டி. பிரித்தால் உள்ளே சிவப்புத் துணி மடிப்பும் குரோம் மூடியுமாகக் கூம்பு வடிவில் ஒரு ஏர் ஃபில்டர்.

"மாமா, இத மாட்டுனா பிக்கப் எவ்வளவு ஏறும்?"

வண்டி 2016 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) உள்ள வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கேள்வி நியாயமான கேள்வி. ஹை ஃப்ளோ ஃபில்டர் என்று போட்டிருக்கிறது, அதாவது காற்று தாராளமாகப் போகும். காற்று கூடினால் சக்தி கூட வேண்டும் இல்லையா? பதில் ஒரு வரியில் அடங்காது. அன்று அவனிடம் சொன்னதைத்தான் புதிதாக வண்டி வாங்கியிருக்கும் எல்லாருக்குமாகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இதற்குச் சுமார் 13.5 கிலோ போதும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ காற்று. காற்று லேசானது என்பதால் இந்த 10 கிலோ கிட்டத்தட்ட 9,000 லிட்டர் இடத்தை அடைக்கும். ஊருணியில் தண்ணீர் எடுக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 600 குடம் காற்று.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். அந்த கிளாசிக் 346 சிசி. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். அதன் முழுச் சக்தியான 19.8 குதிரைத்திறன் வருவது 5,250 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில். அப்போது நிமிடத்துக்கு 2,625 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரை முழுசாக நிரப்பினால் 900 லிட்டர். நிஜத்தில் முழுசாக நிரம்பாது, 700 லிட்டருக்கு மேல் போகும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு நாற்பத்தேழு குடம். அத்தனையும் உங்கள் தொடைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

அந்தக் காற்றோடு என்னென்ன வருகிறது என்பதுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை.

பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் சித்திரை வைகாசியில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண் லாரிக்குப் பின்னால் இரண்டு மைல் போனால் காலர் செம்மண் நிறமாகிவிடும். புதுவயல் பக்கம் போனால் அரிசி ஆலைகளின் உமித்தூசியும் சேர்ந்துகொள்ளும். உமி எரிந்து சாம்பலாகிவிடும் என்று விட்டுவிட முடியாது, உமியிலேயே சிலிக்கா உண்டு. செம்மண்ணுக்குள் இருப்பது இரும்பு ஆக்சைடு, அதோடு கண்ணுக்குத் தெரியாத மணல் துகள், அதாவது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸுக்கு 7. சிலிண்டர் சுவரின் இரும்பு அதைவிட மென்மையானது. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எஞ்சினை அரிப்பவை அதில் ஏழில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் துகள்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் கனமே சில மைக்ரான்தான். அந்த இடுக்கில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் கல் மாட்டிய மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு இழுப்பு.

எனக்கு இது ஏட்டுப் படிப்பாகத் தெரிந்த விஷயம் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் என் பழைய புல்லட்டில் ஆசைப்பட்டு இதே மாதிரி ஒரு கூம்பு ஃபில்டரைப் போட்டேன். கம்பெனிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டர் வாயிலேயே நேராக மாட்டியது. சத்தம் பிரமாதம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் 'பொம்' என்று காற்றை உறிஞ்சும். ஒரு கோடை முழுக்க அதோடு திருமயம், தேவகோட்டை என்று சுற்றினேன். அடுத்த பொங்கலுக்குள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஹெட்டை இறக்கிப் பார்த்த மெக்கானிக் அண்ணன் என் விரலைப் பிடித்துச் சிலிண்டருக்குள் விட்டு மேலும் கீழும் தேய்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டிய சுவரில் நகம் தட்டித் தட்டி ஏறியது. மேலிருந்து கீழாக நேர்க்கோடு போட்ட மாதிரி கீறல்கள். "தம்பி, மண்ணு தின்னுருக்கு" என்றார். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி (போர் அடித்து), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத்தான் மறுபடி ஓட்ட முடிந்தது. அந்த நகம் தட்டின உணர்வு இன்னும் விரலில் இருக்கிறது.

அதனால்தான் மருமகனிடம் முதலில் இதைச் சொன்னேன்: மாப்ள, ஃபில்டர் இருப்பது காற்றை விடுவதற்கு இல்லை, மண்ணை நிறுத்துவதற்கு. ஃபில்டரே இல்லாவிட்டால் காற்று இன்னும் தாராளமாகத்தான் போகும்.

மடிப்புக்குள் என்ன நடக்கிறது

ஃபில்டர் என்றால் மாவுச் சல்லடை மாதிரி, ஓட்டையைவிடப் பெரிய தூசி நிற்கும், சின்னது போய்விடும் என்றுதான் நினைப்போம். பாதிதான் உண்மை. காகிதத்திலும் பருத்தித் துணியிலும் இருப்பது குறுக்கும் நெடுக்குமான நார்கள். காற்று அந்த நார்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். தூசிக்கு எடை உண்டு, வேகத்தில் வளைய முடியாது, நேராகப் போய் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். அதனால் இடைவெளியைவிடச் சின்னத் துகளும் மாட்டும். இன்னொன்று, கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதுசைவிட நன்றாகச் சலிக்கும். படிந்த தூசியே இன்னொரு சல்லடை ஆகிவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை திறந்து தட்டித் தட்டி மாட்டுகிறவர்கள் வண்டிக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நாலு துகள் சுத்தமான பக்கம் விழுவதுதான் மிச்சம்.

மடிப்பு எதற்கு? ஆறு கெஜம் கண்டாங்கிச் சேலையைக் கொசுவம் வைத்துப் பின்னால் செருகினால் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. துணி குறையவில்லை, இடம்தான் குறைந்தது. ஃபில்டரும் அதே வித்தைதான். 15 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் உள்ள வாயில் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 25 கொசுவம் வைத்தால், 150 சதுர சென்டிமீட்டர் வாய்க்குள் 1,500 சதுர சென்டிமீட்டர் காகிதம் அடங்கும். பத்து மடங்கு. பரப்பு கூடக் கூட ஒவ்வொரு இடத்திலும் காற்று மெதுவாகப் போகும், தடை குறையும், தூசி தாங்கும் காலமும் நீளும்.

ஹை ஃப்ளோ என்று விற்பவை பெரும்பாலும் ஆயில் தடவிய பருத்தித் துணி. அடுக்கடுக்கான மெல்லிய துணி, இரண்டு பக்கமும் கம்பி வலை. நார்களுக்கு இடையே இடைவெளி காகிதத்தைவிட அதிகம், அதனால் காற்று சுலபமாகப் போகும். அந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் ஆயில்: மோதிய தூசி பிசினில் ஈ ஒட்டின மாதிரி அங்கேயே நின்றுவிடும். இந்த வகையைப் பிரபலமாக்கிய கே அண்ட் என் கம்பெனி 1969இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கியது. அந்த இரண்டு எழுத்தும் தொடங்கிய இருவரின் பெயர்களிலிருந்து வந்தவை. மூன்றாவது வகை ஆயில் போட்ட ஸ்பாஞ்ச். மண் ரேஸ் வண்டிகளில் இதைத்தான் விரும்பிப் போடுவார்கள், ஏனென்றால் கனம் முழுக்கத் தூசியை வாங்கிக்கொள்ளும், கழுவித் திரும்பப் போடலாம்.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு தரமுறை இருக்கிறது. அளந்த தூசியை ஊதி எவ்வளவு நின்றது, எவ்வளவு தாண்டிப் போனது என்று எடைபோடுவார்கள். நல்ல காகித ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் நிறுத்தும். 97 நிறுத்தும் ஃபில்டரும் கிட்டத்தட்ட அதேதானே என்று தோன்றும். நிறுத்தியதை எண்ணாமல் தாண்டிப் போனதை எண்ணிப் பாருங்கள்: ஒன்றில் நூற்றுக்கு 1, இன்னொன்றில் 3. எஞ்சினுக்குள் போகும் மண் மூன்று மடங்கு. தூசியே இல்லாத தார்ச் சாலை நகரத்தில் இது பெரிய விஷயம் இல்லை. நம்ம ஊரில் விஷயம்.

சரி, சக்தி எவ்வளவு கூடும்?

இதைக் கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூபை வைத்தே அளக்கலாம். நான் மருமகனுக்கு அதைத்தான் வரைந்து காட்டினேன். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தெளிவான ட்யூபை 'ப' எழுத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்திப் பிடித்த மாதிரி வளைத்து, பாதி அளவுக்குக் கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் சுத்தமான பக்கத்தில்; இன்னொரு முனை வெளியே. எஞ்சின் உறிஞ்சும்போது உள் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறும். இரண்டு பக்கத்துக்கும் இருக்கும் உயர வித்தியாசம்தான் ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து கொடுக்கும் தடை.

வித்தியாசம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் மொத்த அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 10.3 மீட்டரில் 10 சென்டிமீட்டர் என்பது சுமார் ஒரு சதவீதம். ஃபில்டரை அடியோடு எடுத்துவிட்டாலும் அந்த ஒரு சதவீதக் காற்றுதான் கூடும். 19.8 குதிரைத்திறனில் அது 0.2. ஹை ஃப்ளோ ஃபில்டர் அந்தத் தடையைப் பாதியாக்கினால் 0.1. அதை எந்தத் தொடையாலும் உணர முடியாது.

இப்போது அதே பெட்டிக்குள் இரண்டு கோடையாக மாற்றாத, மண் அடைத்த ஃபில்டர் இருக்கிறது, வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இழப்பு ஐந்து சதவீதம், ஒரு குதிரைத்திறன். இதை உணர முடியும். "புது ஃபில்டர் போட்டதும் வண்டி பறக்குது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அடைத்த பழசுக்குப் பதிலாகப் புதுசு வந்தது. கம்பெனி ஃபில்டரையே புதிதாகப் போட்டிருந்தாலும் அந்த வித்தியாசம் வந்திருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் வெப்பம். மார்கழி விடிகாலையில் திருப்பாவை கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தால் அது வேறு வண்டி மாதிரி ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். மனப்பிரமை இல்லை. காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். ஒவ்வொரு குடத்திலும் அவ்வளவு ஆக்சிஜன் அதிகம். கம்பெனிக்காரர்கள் பெட்டியின் மூக்கை எஞ்சின் சூட்டிலிருந்து ஒதுக்கி வைப்பது இதற்காகத்தான். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சூடான சிலிண்டருக்குப் பின்னாலேயே கூம்பை மாட்டினால், அது குடிப்பது எஞ்சின் கக்கிய சூட்டுக் காற்று. காரைக்குடி டிராஃபிக்கில் அது வெளிக்காற்றைவிடப் 10 டிகிரி கூட இருந்தாலே போதும், ஃபில்டரில் மிச்சம் பிடித்த ஒரு சதவீதத்துக்கு மேல் மூன்று சதவீதத்தை விட்டுவிட்டோம்.

பெட்டிக்கு வேறு வேலையும் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் தொடர்ந்து உறிஞ்சாது, குபுக் குபுக்கென்று இழுக்கும். பெட்டி நடுவில் ஒரு தொட்டி மாதிரி நின்று அந்த இழுப்பைச் சமன் செய்கிறது. உறிஞ்சும் சத்தத்தையும் விழுங்குகிறது. பெட்டியின் கொள்ளளவு, குழாயின் நீளம் எல்லாம் குறைந்த வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும்படி கணக்குப் பார்த்து வைத்தவை. கூம்பு போட்டவர்கள் "மேலே நல்லா போகுது, ஸ்டார்ட்டிங்ல இழுக்க மாட்டேங்குது" என்று சொல்வது இதனால்தான்.

காற்று மாறினால் பெட்ரோலும் மாற வேண்டும்

மருமகனுக்குப் புரிய நேரம் எடுத்தது இந்த இடம்தான். கார்புரேட்டர் காற்றை எடைபோடாது. நடுவில் குறுகலான குழாய் வழியே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் மேலே வரும். ஜெட் ஓட்டையின் அளவு கம்பெனி ஃபில்டரும் கம்பெனி சைலன்சரும் இருக்கும் என்ற நம்பிக்கையில் வைத்தது. ஃபில்டர் அடைத்தால் உறிஞ்சல் கூடி பெட்ரோல் அதிகம் வரும்: கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு, கரி பிடித்த பிளக். தடையை ரொம்பக் குறைத்தால் தலைகீழ்: பெட்ரோல் போதாது. இதை லீன் என்பார்கள். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும், முறுக்கியதும் ஒரு நொடி திணறும், எஞ்சின் வழக்கத்தைவிடச் சுடும், பிளக் முனை வெளுத்திருக்கும். சூடு தாங்காமல் பிஸ்டன் பாழாவதும் உண்டு. சரியான கலவையில் பிளக் முனை பழுப்பு நிறத்தில் இருக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் ஜெட் மாற்றுவது. ஆக்சிலேட்டரைக் கால்வாசி முறுக்கும் வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டின் ராஜ்யம். நடுப்பகுதி, ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியின் கையில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். பழைய பெட்டிக்குள்ளேயே ஹை ஃப்ளோ ஃபில்டரைப் பொருத்தினால் பெரும்பாலும் ஜெட்டைத் தொட வேண்டியதில்லை. கூம்பு என்றால் மெயின் ஜெட் ஒன்றிரண்டு அளவு பெரியதாக வேண்டியிருக்கும், ஊசியையும் ஒரு படி தூக்க வேண்டியிருக்கலாம். இதை நிதானமாகச் செய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் கூம்பை நினைக்கவே வேண்டாம்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) ராயல் என்ஃபீல்டுகள் எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி கணக்குப் போட்டுப் பெட்ரோலைத் தெளிக்கிறது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து, ஒரே வேகத்தில் போகும்போது கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். முழுசாக முறுக்கும்போது பெரும்பாலும் அந்த சென்சாரை நம்பாமல், முன்பே பதிந்த அட்டவணைப்படி பெட்ரோலைத் தெளிக்கும். பெட்டிக்குள் பொருந்தும் ஃபில்டரின் சின்ன மாற்றத்தை இது சமாளித்துக்கொள்ளும். கூம்பும் சைலன்சரும் சேர்ந்து மாறினால் அட்டவணையையே மாற்ற வேண்டும். ஹார்லி டேவிட்சன்காரர்கள் வழக்கத்தில் 'ஸ்டேஜ் 1' என்றாலே மூன்றும் ஒன்றாகத்தான்: ஹை ஃப்ளோ ஏர் கிளீனர், சைலன்சர், கணினி டியூனிங். அங்கே பெரும்பாலும் ஏர் கிளீனர் எஞ்சினின் வலது பக்கம் வெளியே தெரிகிற மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், மாற்றுவது சுலபம். ஆனாலும் தனியாக ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துவதில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அடைத்த ஃபில்டர் மைலேஜை அவ்வளவாகக் குறைக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் கார்களில் செய்து 2009இல் வெளியிட்ட சோதனையில் குறைந்தது பிக்கப்தான். கார்புரேட்டர் வண்டியில்தான் மைலேஜும் அடி வாங்கும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் எதையும் மாற்றுவதற்கு முன் சர்வீஸில் கேட்டுவிடுங்கள்.

மாட்டும் விதம்

அன்று கூம்பைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் இருப்பதைத் திறந்து பார்ப்போம் என்றேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வண்டியைத் திறப்பதற்கு முன்பே ஈரத்துணியால் பக்கவாட்டு மூடியையும் சுற்றியிருக்கும் சந்துகளையும் துடைத்தோம். இதைச் செய்யாமல் மூடியை எடுத்தால் மேலே இருக்கும் மண்ணெல்லாம் உள்ளேதான் விழும். ஃபில்டர் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு ஃபில்டரை வெளியே எடுத்தான். மடிப்பு ஒவ்வொன்றும் செங்கல் பொடி திணித்த மாதிரி. தட்டினால் திண்ணையில் ஒரு பிடி மண் குவிந்தது. எனக்குக் கவலையானது அது இல்லை. அது வெளிப்பக்கத்து மண், ஃபில்டர் தன் வேலையைச் செய்ததற்கு அத்தாட்சி. ஒரு வெள்ளைப் பனியன் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்சுவரில் தேய்க்கச் சொன்னேன். வெளியே எடுத்தான். விரல் நுனி குங்குமம் தொட்ட மாதிரி சிவப்பு.

"மாமா, ஃபில்டரத் தாண்டி எப்படிப் போச்சு?"

ஃபில்டர் வழியாகப் போகவில்லை, பக்கவாட்டில் போயிருக்கிறது. ஓரத்து ரப்பர் ஒரு மூலையில் இறுகி வெடித்திருந்தது. நகக்கண் அளவு இடைவெளி. எப்படிப்பட்ட ஃபில்டர் ஆனாலும் ஓரம் உட்காரவில்லை என்றால் வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இப்படி ஓட்டை இருந்தால் வண்டி ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, அதுதான் ஆபத்து. மண் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

ரப்பர் குழாயின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுப் பெட்டியின் உள்ளே ஈரத்துணியால் துடைத்தோம். அப்புறம் துணியை மறக்காமல் எடுத்தோம், மறந்தவர்கள் இருக்கிறார்கள். புது ஃபில்டரின் ஓர ரப்பரில் மெல்லிசாக கிரீஸ் தடவினால் நன்றாக உட்காரும், தாண்ட நினைக்கும் தூசியும் அதிலேயே ஒட்டும். ஃபில்டருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, திருப்பி மாட்டக் கூடாது. ரப்பர் குழாயின் கிளிப்புகள் இரண்டும் இறுகியிருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து ஒரு மூச்சுக் குழாய் ஃபில்டர் பெட்டிக்கு வரும். கூம்பு போடுகிறவர்கள் பெட்டியோடு சேர்த்து அதையும் அந்தரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் குழாய் வெளிக்காற்றை இழுக்க இடமுண்டு. மண் நேராக ஆயிலுக்குள் போகும். கட்டாயம் கூம்புதான் வேண்டும் என்றால் அந்தக் குழாய் வாய்க்கும் ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும். ஐப்பசி மழையில் நனையாமல் கூம்புக்கு ஒரு மறைப்பும் வேண்டும்.

பருத்தி ஃபில்டரைப் பெட்டிக்குள் பொருந்தும் மாதிரி வாங்கிப் போட்டவர்கள் அதன் பராமரிப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆயில் காய்ந்த பருத்தி ஃபில்டர் கிட்டத்தட்ட வெறும் வலை. அதற்கென்று விற்கும் திரவத்தில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட்டு அலசி, நிழலில் தானாகக் காயவிட வேண்டும். பெட்ரோலில் கழுவக் கூடாது. பங்சர் கடைக் காற்றை அடிக்கவே கூடாது, நார் விலகி ஓட்டை விழும். காய்ந்தபின் மடிப்பு மடிப்பாக அதற்குரிய ஆயில் விட்டு, நிறம் ஒரே சீராகப் பரவும்வரை காத்திருந்து மாட்ட வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் ஆயில் கார்புரேட்டர் வரை வழியும். பங்சர் கடைக் காற்று காகிதத்துக்கும் ஆகாது. நிறையப் புது வண்டிகளில் வருவது கம்பெனியிலேயே ஆயில் ஏற்றிய காகிதம். அதை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் நம்ம ஊருக்குப் பாதியை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அன்று மருமகனுக்கு நாங்கள் போட்டது காரைக்குடிக் கடையில் வாங்கிய கம்பெனிக் காகித ஃபில்டர். மத்தியானம் திருமயம் கோட்டை வரை போய்விட்டு வந்து, "மாமா, மூணாவது கியர்லயே மேட்ட ஏறுது" என்றான். அடைத்த 50 சென்டிமீட்டர் கணக்கை ஞாபகப்படுத்தினேன். கூம்பை வாங்கின இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டான்.

500 கிலோமீட்டர் ஓடியதும் பனியன் துணியோடு வரச் சொல்லியிருந்தேன். போன வாரம் வந்தான். ரப்பர் குழாயின் மேல்சுவர், இரண்டு பக்கம் எல்லாம் வெள்ளை. அடிச்சுவரில் மட்டும் லேசாக ஒரு செந்நிறக் கீற்று. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ் மூலை ஸ்க்ரூ வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, மரை போயிருக்கிறது. அந்த மூலையில்தான் மூடி அழுந்தவில்லை. ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். துணியை அலசி வெயிலில் போட்டிருக்கிறேன், அடுத்த 500க்கு.